ஓலை வாசிக்காத போர்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். பூசை முடிவில் சாமியார் ஒலிபெருக்கி முன் நின்று, இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று அறிவிப்பார். எழுபத்தெட்டு வயதுக்குள் எத்தனையோ ஓலை கேட்டுவிட்டேன். ஒருவர்கூட எழுந்து தடை சொல்லி நான் பார்த்ததில்லை. ஆனாலும் வாசிக்கிறார்கள். வாசித்தபின் அது ஊரறிந்த காரியம். பின்வாங்கினால் வெட்கம், நடத்தினால் பொறுப்பு.

நாடுகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் சண்டைக்குப் போயின. எதிரி நாட்டுத் தூதரை வரவழைத்து, கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, இன்ன நேரம் முதல் உமக்கும் எமக்கும் போர் என்று சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வழக்கம் அநேகமாக நின்றுபோனது. கொரியாவில் நடந்ததைப் போலீஸ் நடவடிக்கை என்றார்கள். வியட்நாமில் அத்தனை வருடம் குண்டு போட்ட நாடு ஒருநாளும் போர் அறிவிக்கவில்லை. அறிவிக்காமல் சண்டையிட ஐந்து வழி உண்டு என்று வகுப்பில் விரல் மடக்கிச் சொல்வேன்: ஆயுதம் கொடுப்பது, ஆலோசகர் என்ற பெயரில் ஆள் அனுப்புவது, தன்னார்வலர் என்ற பெயரில் பட்டாளம் அனுப்புவது, தன் மண்ணை இன்னொருவனின் விமானத்துக்கு வாடகைக்கு விடுவது, உள்ளூர்க்காரர்களில் ஒரு கூட்டத்துக்குச் சம்பளம் கொடுத்து முன்னால் தள்ளுவது. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிடுவார்கள்.

ஆறாவது வழி ஒன்று இருப்பது எனக்கு அப்போது தெரியாது. என் மகன் வேலைக்குப் போனபின்தான் தெரிந்தது.

அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் அம்மா போய் ஆறு வருடமாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆகவே சாமியாருக்கு அவனால் ஒரு வேலையும் இல்லை. இங்கே மலேசியாவில், கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன் அதே வேலைக்கு வளைகுடாப் பக்கம் ஆள் கேட்டார்கள், போய்விட்டான். நாட்டின் பெயரை எங்கும் எழுதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். எழுதவில்லை.

அது ஒரு விமானத் தளம். தளம் இருக்கும் மண் ஒரு சிறிய நாட்டினுடையது. விமானங்கள் ஒரு பெரிய நாட்டினுடையவை. அவை போய்க் குண்டு போடுவது மூன்றாவது ஒரு நாட்டில். மூன்றில் எதுவும் எதனோடும் போரில் இல்லை. அந்த மூன்றாவது நாடு திருப்பி அடிக்கும்போது ஏவுகணை வந்து விழுவது சிறிய நாட்டின் மண்ணில். அப்போதும் ‘உங்கள் மேல் எங்களுக்குப் பகை இல்லை’ என்று அறிக்கை விடுகிறார்கள். என் மகன் நான்காவது நாட்டுக்காரன். விமானிகள் தூங்கும் கட்டடத்துக்குக் குளிர்காற்று அனுப்புவது அவன் வேலை. அவனோடு இருப்பவர்கள் நேபாளிகள், பிலிப்பினோக்காரர்கள், ஒரு கேரளத்துக்காரர். இவர்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் எந்த நாட்டின் இழப்புக் கணக்கிலும் ஏறாது. அதுதான் ஆறாவது வழி.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அங்கே மதியச் சாப்பாடு முடியும் நேரம் இங்கே மாலை ஆறு. ஐந்தே முக்காலுக்கே ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துவிடுவேன். தளத்தின் பக்கம் முதல் ஏவுகணைகள் வந்த வாரம், ஆறு அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டான்.

“அப்பா, நியூஸ் பாத்தீங்களா?”

“பாத்தேன். எத்தன வந்துச்சு?”

“அத எங்க எண்ணுறது? எல்லாத்தயும் வானத்துலயே ஒடச்சிட்டானுங்க. ஒண்ணும் இல்லலா. நான் பிரியாணி சாப்டுட்டு இருக்கேன்.”

“ரெண்டு பேரு செத்ததா போட்டிருக்கான்.”

“அது வேற எடம் பா. இங்க ஏர்கான் ஓடுது, நானும் ஓடுறேன். நீங்க சாப்டீங்களா?”

“ஆறு மணிக்கு யாருடா சாப்பிடுவா?”

“அதுக்குள்ள கோவமா? சரி, மருந்து போட்டுக்குங்க.”

அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தில் உள்ள ஒரு விதியைப் பற்றிச் சொன்னான். அந்த நாட்டில் போர் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டால் கம்பெனியே தன் செலவில் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடும், மிச்சக் காலத்துச் சம்பளத்தோடு. அறிவிக்காதவரை தானாகக் கிளம்புகிறவன் வேலையை விட்டு ஓடியவன். முடிவில் வரவேண்டிய தொகை கிடையாது, அந்தப் பக்கத்தில் இனி வேலையும் கிடையாது.

“அறிவிப்பானுங்களா?” என்று கேட்டேன்.

“எவன் அறிவிப்பான்? சண்ட போடுற மூணு பேருமே நான் சண்ட போடலங்கறான்.” சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பிறகு நான் செய்தி பார்த்த விதம் மாறிவிட்டது. மற்றவர்கள் சண்டை எப்போது நிற்கும் என்று பார்த்தார்கள். நான் ஒரே ஒரு சொல்லைத் தேடினேன். மலாய்ச் செய்தி, தமிழ்ச் செய்தி, ஆங்கிலத் தொலைக்காட்சி, மூன்றிலும். ‘வரையறுக்கப்பட்ட நடவடிக்கை’ என்றார்கள். ‘தகுந்த பதிலடி’ என்றார்கள். ‘முன்னெச்சரிக்கைத் தாக்குதல்’ என்றார்கள். ‘பதற்றம் அதிகரிப்பு’ என்றார்கள். பதினேழு பெயர் வரை எண்ணினேன். போர் என்று செய்தி வாசிப்பவர்கள் சொன்னார்கள், கோப்பிக்கடையில் சொன்னார்கள், எதிர்வீட்டு மலாய்க்காரரும் வேலிக்கு அப்பாலிருந்து சொன்னார். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

என் விருப்பத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். போர் அறிவிக்கப்பட வேண்டும் என்று விரும்பினேன். சண்டை எப்படியும் நடக்கிறது, விமானம் எப்படியும் பறக்கிறது. அதைப் பெயர் சொல்லி அறிவித்தால் என் மகன் கோலாலம்பூரில் வந்து இறங்குவான். அவ்வளவுதான் என் கணக்கு.

பெயரை மாற்றி வைத்துச் சண்டை போடுவது எனக்குப் புதிதல்ல. கூலிமுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். நினைவு தெரிந்தபோதே லயங்களைச் சுற்றி முள்கம்பி இருந்தது. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பெண்களின் தூக்குச்சட்டியை வேலிக் கதவருகே காவலர்கள் திறந்து பார்ப்பார்கள். உள்ளே சோறு இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வெள்ளைக்காரன், கூர்க்கா, ஆஸ்திரேலியன், பீஜித் தீவுக்காரன் என்று உலகத்துச் சிப்பாய்களெல்லாம் எங்கள் மண்சாலையில் லாரியில் போனார்கள். பிரிட்டிஷார் அதற்கு வைத்த பெயர் அவசரகாலம். பன்னிரண்டு வருட அவசரம். போர் என்று சொன்னால் லண்டன் காப்பீட்டுக் கம்பெனிகள் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் நஷ்டஈடு தராமல் போய்விடும், அதனால்தான் அந்தப் பெயர் என்று பிற்பாடு படித்தேன். தோட்டத்துக் கிடங்கில் வேலை பார்த்த என் அப்பாவிடம் ஒருமுறை, “இது சண்டையாப்பா?” என்று கேட்டேன். “சண்டையாவது ஒண்ணாவது, தட்டப் பாத்துத் தின்னு” என்றார்.

பிறகு இந்தோனேசியாவோடு ‘கொன்ஃபுரொந்தாசி’ என்ற மோதல் வந்தது. அதுவும் அறிவிக்காத சண்டைதான். போர்னியோ காட்டில் பிரிட்டிஷ் பட்டாளம் எல்லை தாண்டிப் போய்வந்ததை வெகுகாலம் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். பட்டர்வொர்த் தளத்திலிருந்து ஆஸ்திரேலிய விமானங்கள் எங்கள் தலைமேல் பறக்கும். நானும் கூட்டாளிகளும் கை காட்டுவோம். விமானங்களின் கீழே நின்று யாரோ எண்ணெய் துடைத்திருப்பான், யாரோ சோறு ஆக்கியிருப்பான். அவனைப் பற்றி அன்றைக்கு ஒரு நிமிடம்கூட நான் நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என் பழைய மாணவி. அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபது வயதாகிவிட்டது, இன்னும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுகிறாள். காடி என்று நாங்கள் சொல்லும் காரை மட்டும் லாரி ஓட்டுகிறவன் மாதிரி ஓட்டுவாள். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. பூசையில் வாசகம் யார் வாசிப்பது, மன்றாட்டு யார் எழுதுவது என்று முறை வைப்பதும் அவள்தான். பிரசங்கத்துக்குப் பிறகு ஒருவர் எழுந்து ஐந்து மன்றாட்டு சொல்வார், சபை ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும். மாதத்தில் ஒரு ஞாயிறு என் முறை. இரண்டாவது மன்றாட்டு எப்போதும் உலகத் தலைவர்களுக்கு. சமாதானம் வேண்டி எழுதுவது வழக்கம்.

அந்த மாதம் நான் இப்படி எழுதினேன்: “உலக நாடுகளின் தலைவர்கள் தாங்கள் செய்யும் காரியத்தை அதன் உண்மைப் பெயரால் யாவரும் அறியச் சொல்லும் நேர்மையைப் பெற்றிட வேண்டும் என்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்.”

சபை ஒரே குரலில் பதில் சொன்னது. அன்றைக்கு நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சுவரில் இருக்கும் ஆறு காற்றாடிகளில் நான்குதான் ஓடின, எல்லாருக்கும் வியர்த்தது. தங்களுக்குத் தெரியாமலே நூற்றுப் பதினெட்டுப் பேரும் போர் அறிவிப்பு வேண்டி மன்றாடினார்கள். பூசை முடிந்தபின் சாமியார் என் கையைப் பிடித்து, “ரொம்ப ஆழமா இருந்துச்சு சார்” என்றார்.

என் மாணவியை ஏமாற்ற முடியவில்லை. காடியில் ஏறிப் பெல்ட் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“அந்த ரெண்டாவது மன்றாட்டு என்னா சார் அது?”

“ஏன், நல்லா இல்லயா?”

“நல்லாதான் இருக்கு. ஆனா சமாதானம்ங்கற வார்த்தயே இல்ல. முப்பது வருஷமா நோயாளிங்க மூஞ்சியப் பாத்தவ சார் நான். எங்க வலிக்குது சொல்லுங்க.”

சொன்னேன். ஒப்பந்த விதி, ஏவுகணை, பதினேழு பெயர், எல்லாவற்றையும். ரொட்டி சானாய்க் கடை ஓரமாகக் காடியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள்.

“ஐயோ சார்! சண்ட வரணும்னு பூசையில வேண்டிக்கிட்ட ஒரே கிறிஸ்துவன் நீங்கதான்லா. ஃபாதருக்குத் தெரிஞ்சா அடுத்த வாரம் ஒங்களுக்குத்தான் ஓலை வாசிப்பாரு.”

“சண்டை எப்பவோ வந்தாச்சு. அதச் சொல்லணும்னுதான் கேட்டேன்.”

“தம்பிய நேரா, வாடான்னு கூப்பிட வேண்டியதுதானே?”

“அவன் அங்க ஒண்ணும் இல்லன்றான்.”

“நீங்க நம்புறீங்களா?”

அவள் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, காடியைத் திரும்பச் சாலையில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணும் இல்லன்னா ரொம்ப நல்லதுதானே. நீங்க போய் ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. ஏர்கான் வேற சும்மா கெடைக்குது.”

கிண்டலாகத்தான் சொன்னாள். வீட்டில் என்னை இறக்கிவிட்டு, ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

கதவைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போட்டு, அணைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் குடியிருப்பான தாமான் வழியாகத் தொழிற்சாலை பஸ்கள் போகும், காலை ஷிப்டுக்கு ஒன்பது, மாலை ஷிப்டுக்கு ஒன்பது; தினமும் எண்ணுவேன். அன்று ஞாயிறு என்றாலும் ஓடின. எல்லாவற்றிலும் ஜன்னல் ஓரம் ஆட்கள் இருந்தார்கள். ஒருவரும் என் வீட்டைப் பார்க்கவில்லை, பார்க்கவும் காரணமில்லை. ஒரு கப் அரிசி வைத்தேன். அதில் பாதி மறுநாளைக்கு மிஞ்சும். முக்கால் கப் வைத்தால் போதாதோ என்று ஆறு வருடமாகச் சந்தேகம்.

அவனை ஏன் நேராகக் கூப்பிடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். கூப்பிட்டால் முடியாது என்று சொல்லக்கூடும். முடியாது என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், அதன்பிறகு எதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பது? கம்பெனி அனுப்பட்டும், அரசாங்கம் அறிவிக்கட்டும் என்று இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் எதையும் கேட்கவில்லை, அவன் எதையும் மறுக்கவில்லை. சாப்பாடு, மருந்து, மழை பெய்ததா என்ற விசாரிப்பு. ஒரு வருடமாக எங்கள் இருவருக்குள்ளும் இந்த அளவில்தான் பேச்சு இருந்தது.

வியாழக்கிழமை டாக்சி பிடித்துச் சுங்கை பட்டாணிக்குப் போய்க் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “பாக்சிக், நாக் பெர்கி மனா?” என்று எங்கே போகிறேன் என விசாரித்தாள். நாட்டைச் சொன்னேன். அங்கே போகத் தடை ஏதும் உண்டா என்றும் கேட்டேன். பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுவிட்டு வந்து, ஒரு தடையும் இல்லை, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சிரித்தாள். போரில் இல்லாத நாட்டுக்கு என்ன தடை இருக்க முடியும்?

மறுநாள் ஆறு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டான்.

“சாப்டீங்களா பா?”

“பாஸ்போர்ட் எடுத்துட்டேன்.”

“எதுக்கு? வேளாங்கண்ணிக்கா? தனியாவா போறீங்க?”

“அங்கதான். ஒன்கிட்ட. ஒரு மாசம் இருந்துட்டு வரேன்.”

அவன் பக்கம் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“வெளயாடாதீங்க பா.”

“வெளயாடல. நீ வேலைக்குப் போ, நான் ரூம்ல பேப்பர் படிச்சிட்டு இருக்கேன். பிளேன் ஓடுது, விசா தரான். எல்லாம் கேட்டுட்டேன்.”

“வேணாம்.”

“ஏன்? ஒண்ணும் இல்லன்னுதானே வாராவாரம் சொல்ற?”

“வேணாம்னா வேணாம். வயசான காலத்துல எதுக்கு இப்ப... இங்க வராதீங்க பா.”

கடைசி மூன்று சொல்லில் குரல் மாறிவிட்டது. சின்னப் பிள்ளையில் பல் வலிக்கும்போது இப்படித்தான் பேசுவான், உதட்டை அதிகம் அசைக்காமல். பிறகு அவனே சொல்ல ஆரம்பித்தான். இரண்டு மாதமாக அறையில் படுப்பதில்லையாம். இயந்திரக் கட்டடத்தின் சுவர் கனம் என்பதால் குழாய்களுக்கு நடுவே அட்டை விரித்துப் படுக்கிறார்களாம், கால் சப்பாத்தைக் கழற்றாமல். சைரன் அடித்தால் ஓட நாற்பது விநாடி. அவனோடு வேலை செய்த நேபாளி ஒருவன் கூரையில் விசிறியைச் சரிபார்க்கப் போனவன், இறங்கி வரவில்லை.

“எப்ப?”

“நான் பிரியாணி சாப்டுட்டு இருக்கேன்னு சொன்னேன்ல, அதுக்கு மொத நாள்.”

“பேப்பர்ல வரலயே.”

“எப்பிடி வரும்? வேல எடத்து விபத்துன்னு கம்பெனி எழுதிட்டான். சண்ட இல்லல்ல, அப்ப விபத்துதானே.”

“அப்ப அது சண்டைதானே?” என்றேன்.

“சண்டதான் பா.”

அத்தனை வாரமாக மூன்று மொழிச் செய்தியில் நான் தேடிய சொல். என் பிள்ளை வாயிலிருந்து வந்தது. எந்த ஒப்பந்தத்திலும் அது செல்லாது.

“நீ வந்துடு” என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன்.

“வந்து?”

“வந்து சும்மா இரு. எனக்குப் பென்சன் வருது.”

“சில்லர் மெஷின் பாக்கத் தெரிஞ்சவன் இப்ப இங்க ரெண்டே பேருதான் பா. நான் கெளம்புனா அந்தக் கேரளாக்காரர் ஒருத்தர் மேல எல்லாம் விழும். அவருக்கு மூணு புள்ளைங்க.” மூச்சு விட்டான். “கான்ட்ராக்ட் முடியட்டும். இன்னும் ஏழு மாசம்தான். நீங்க பாஸ்போர்ட்ட உள்ள வைங்க.”

நான் பயந்திருந்த ‘முடியாது’ அப்படித்தான் வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லாமலே சொல்லிவிட்டான். திட்டுவதற்கும் இடமில்லை, மூன்று பிள்ளைக்காரரை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடவுச்சீட்டை உள்ளே வைத்துவிட்டேன். இப்போது ஏழு மாதம் நாலாகியிருக்கிறது. என் மாணவியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. கோயில் வரும்வரை மெதுவாக ஓட்டினாள், அது எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமைப் பேச்சு மாறிவிட்டது. ஒன்றும் இல்லை என்று அவன் இப்போது சொல்வதில்லை. நடந்ததைச் சொல்கிறான். ஒன்றும் இல்லை என்று அவன் சொன்ன காலத்தில் நூற்றுக்கு இருபது பங்காவது அது உண்மையாக இருக்கும் என்று எண்ணி, அந்த இருபதைப் பிடித்துக்கொண்டு வாரத்தைத் தள்ளினேன். இப்போது அது இல்லை. இங்கே வேறு யாரிடமும் இதைச் சொல்லிக்கொள்ளவும் முடிவதில்லை. கோப்பிக்கடையில் சொன்னால், அங்கேதான் சண்டையே நின்றுவிட்டதாமே என்கிறார்கள். எப்போது தொடங்கியது என்று யாரும் சொல்லாததால் நின்றுவிட்டது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

போன வாரம் கூப்பிட்டான்.

“நேத்து மறுபடியும் அடிச்சானுங்க பா.”

“நீ எங்க இருந்த?”

“பெரிய பைப்புக்கு அடியில.”

“அந்தக் கேரளாக்காரரு?”

“அவரும்தான். பக்கத்துல.”

“அடி ஏதும் படலயே?”

“இல்ல.”

சாப்பிட்டாயா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவனும் ஃபோனை வைக்கவில்லை. அவன் பக்கம் அந்த இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே மாலை ஷிப்டு பஸ்கள் போகத் தொடங்கியிருந்தன. இந்தமுறை அவற்றை நான் எண்ணவில்லை.